ஸைனுலாப்தீனின் கடைவாய்

கிண்ணியாவில் கலியாண வீட்டுக் கிடாரம் அடுப்பிலிருந்து இறங்கினால், முதல் இறைச்சித் துண்டு மாப்பிள்ளைக்குப் போகாது. அது ஸைனுலாப்தீனுக்குப் போகும். சின்னப் பீங்கானில் வைத்து யாராவது பணிவாக நீட்டுவார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு மெல்லுவார். சுற்றி நிற்கும் ஆண்கள் அவருடைய தாடியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிறகு தீர்ப்பு வரும். மறுநாள் அது பாலத்தடித் தேநீர்க் கடைக்குப் போய், அங்கிருந்து ஊர் முழுக்கப் பரவும்.

இந்தப் பதவியை அவருக்கு யார் கொடுத்தார்கள் என்பது அவருடைய மனைவி நபீஸாவுக்கு முப்பத்தாறு வருடமாக விளங்கவில்லை. திருகோணமலைத் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வுபெற்ற மனிதர். வீட்டில் ஒரு முட்டை அவித்ததில்லை. ஆனால் குரல் உரத்தது; எதையும் மற்றவர்களை முந்திக்கொண்டு குறை சொல்லும் துணிவும் இருந்தது. ஒருவர் இரண்டு தரம் உரத்துச் சொன்னால், மூன்றாம் தரம் ஊரே அவரிடம் போய்க் கேட்கும். நபீஸா கண்டுபிடித்த விளக்கம் அவ்வளவுதான்.

கடந்த ஒரு வருடமாகத் தீர்ப்பு ஒரே மாதிரி வந்தது.

"ரப்பர். டயர வெட்டிப் போட்டு ஆக்கியிரிக்கான்."

மூன்று கலியாணம், மூன்று தீர்ப்பு. மூன்றிலும் சமைத்தவன் நபீஸாவின் ஒரே தம்பி ஹஸ்மி. மூன்றாவது தீர்ப்புக்குப் பிறகு அவனுக்கு வந்திருந்த இரண்டு கலியாணங்கள் வேறு ஆளுக்குப் போய்விட்டன. மிஞ்சியது ஒன்று: அரிசி ஆலை சரீப் ஹாஜியாரின் மகனுக்கு இரண்டரை மாதத்தில் வலீமா விருந்து, எழுநூறு பேர். ஹாஜியார் ஒளித்து மறைக்காமல் சொல்லிவிட்டார்.

"வியாழக்கிழமை பகல் ஸைனுலாப்தீன்ட வீட்டிலயே ஒரு சட்டி ஆக்கு. அவர் சரியெண்டா நீதான். இல்லாட்டி டவுன்ல இருந்து ஆள் எடுக்கிறன்."

அதுவும் போனால் ஹஸ்மி கிடாரங்களை விற்றுவிட்டுக் கட்டாரில் யாருடைய குசினியிலாவது வெங்காயம் வெட்ட வேண்டியதுதான். நாற்பத்தாறு வயதில்.

திங்கட்கிழமை காலை அவன் அக்காவின் குசினிக்கு வந்து கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"ராத்தா, மச்சான் எங்க?"

"கடையில. உன்னப் பத்தித்தான் கதைச்சிக்கொண்டிரிப்பாரு."

அவன் கைத்தொலைபேசியில் கடைசிக் கலியாணத்தில் பிடித்த ஒரு படத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தான். ஹஸ்மிக்கு ஒரு வழக்கம் உண்டு. பந்தி முடிந்ததும் மற்றவர்கள் கிடாரம் கழுவப் போவார்கள். அவன் திரும்பி வருகிற சஹன்களைப் பார்க்கப் போவான். ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணும் பெரிய தட்டு அது. அவரவர் தனக்கு முன்னால் இருக்கும் சோற்றைத்தான் எடுப்பார். அடுத்தவர் பக்கம் கை போகாது. ஆகவே தட்டு திரும்பி வரும்போது ஆறு பேருடைய வாயின் சேதியும் அதில் இருக்கும்.

படத்தில் ஐந்து பக்கம் வெறும் எலும்பு. ஆறாவது பக்கத்தில் சோறு முடிந்திருந்தது. ஆனால் தட்டின் விளிம்போரம் எட்டு உருண்டைகள். மென்று, சப்பி, சாறு போனபின் எடுத்து வைத்த இறைச்சித் திரணைகள்.

"இது ஆர்ர பக்கம் ராத்தா? நான் சொல்லல்ல. நீங்க சொல்லுங்க."

 நபீஸா சொல்லத் தேவையே இல்லை. இதே திரணைகளை அவள் தன் வீட்டு மேசையில், புருஷனுடைய பீங்கானோரம், இரண்டு வருடத்துக்கு முன்பே கண்டவள்.

ஒரு காலத்தில் அந்த மனிதருடைய பல்தான் அவருடைய விளம்பரம். இறங்குதுறையில் சோடாப் போத்தலைக் கடைவாயில் வைத்து ஒரு திருகு, மூடி பறக்கும். நைலோன் கயிற்றுக்குக் கத்தி தேட மாட்டார். கைதட்டல் கேட்டுக் கேட்டு, ஏழு வருடத்துக்கு முன் ஒரு கடைவாய்ப் பல் வெடித்தது. பிடுங்கினார். பக்கத்துப் பல் ஆடியது. பிடுங்கினார். அப்படியே ஒவ்வொன்றாக. இடத்தைச் சும்மா விடாதீர்கள், பல்லுக் கட்டுங்கள் என்று ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு தடவையும் சொல்லித்தான் அனுப்பினார்கள்.

"பல்லுக்கட்டு முன்பல்லு போன கிழவனுக்கு. என்ட சிரிப்புக்கு என்ன குறை?" என்றுவிட்டு வந்தார்.

சிரிப்புக்குக் குறையில்லைதான். ஆனால் பிஸ்கட் தேநீரில் தோயாமல் உள்ளே போகாது என்றாயிற்று. கச்சான் கடலை பித்தமாம். கொய்யா சளியாம். கந்தளாய் வீதியில் வண்டியை நிறுத்தி நிறுத்தி வாங்கித் தின்ற சோளத்தில் இப்போது மருந்து அடிக்கிறார்களாம். துண்டுகளை முழுசாக விழுங்கிவிட்டு, வயிறு ஊதுகிறது, காஸ் என்று இஞ்சி கேட்டார். கன்னம் உள்ளே விழுந்ததற்குக் காரணம் வெயில். ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு குற்றம் கண்டுபிடித்த மனிதர், வாயை மட்டும் விட்டுவிட்டார்.

மேசையில் அந்தத் திரணைகளைப் பார்க்கச் சகிக்காமல் நபீஸா இறைச்சிக்குப் பச்சைப் பப்பாளி பூசத் தொடங்கினாள். பிறகு பிரஷர் குக்கர். பிறகு, வெந்ததை அம்மியில் வைத்துக் குழவியால் தட்டி, பழையபடி துண்டு மாதிரி ஒதுக்கிக் குழம்பில் போடுவது. அவரிடம் ஒரு சொல் சொன்னதில்லை. சொன்னால் ஒரு மணித்தியாலம் கதைப்பார்.

அதைத் தின்றுவிட்டுத்தான் அவர் கடையில் போய்ச் சொன்னார்: "என்ட வீட்டில இறைச்சி பஞ்சு. கலியாண வீட்டில ரப்பர். அப்ப பிழை ஆர்ல?"

ஹஸ்மியின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் நபீஸாவுக்கு உறைத்தது. தம்பியின் பிழைப்பில் விழுந்த அடி, அவளுடைய குழவியின் அடி. இவ்வளவு நாளும் மனிதருடைய மடத்தனத்தைப் பார்த்துச் சிரித்தவள், தன்னுடையதையும் அதோடு சேர்த்துக்கொண்டாள்.

"நீ போ," என்றாள். "நாளைக்கு நான் சமைக்கிறன்."

செவ்வாய்க்கிழமை பப்பாளி இல்லை, குக்கர் இல்லை, குழவி இல்லை. ஊரார் ஆக்குகிற மாதிரி ஆக்கி, எடுத்து வைத்தாள். ஸைனுலாப்தீன் ஒரு துண்டை வாயில் போட்டார். முன்பல்லால் முயல் மாதிரிக் கொறித்தார். வலப்பக்கம் தள்ளினார், இடப்பக்கம் தள்ளினார்.

"என்ன புள்ள இது? உன்ட தம்பிட கிடாரத்தில அள்ளிக்கொண்டு வந்தியா?"

"என்ட சட்டிதான். வேகல்லயா?"

"ரப்பர்!"

நபீஸா அதே சட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்து, அவருக்கு நேரே நின்று நாலு தரம் மென்று விழுங்கினாள். பிறகு பப்பாளித் துண்டு, குக்கர், குழவி மூன்றையும் கொண்டுவந்து அவருடைய பீங்கானைச் சுற்றி வைத்தாள்.

"இது மூணும்தான் ரெண்டு வருஷமா உங்கட பல்லு. இண்டைக்கு அதுகளுக்கு லீவு."

"மாடு கிழடு..."

"மாடா கிழடு? கண்ணாடிக்கு முன்னால போய் வாயத் திறந்து பாருங்க. முன்வாசல் பளபளப்பா இரிக்கி. உள்ள குசினியே இல்ல."

அவர் கண்ணாடிக்குப் போகவில்லை. சோற்றை மட்டும் குழம்பில் பிசைந்து விழுங்கிவிட்டு எழும்பினார். ஆனால் புதன்கிழமை அவள் முக்காடு போட்டுக்கொண்டு வாசலில் நின்றபோது, எங்கே என்று கேட்காமல் பின்னால் வந்து பஸ்ஸில் ஏறினார்.

திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் பல் வைத்தியர் கீர்த்தனி அவருடைய வாய்க்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்.

"ஐயா, வலப்பக்கம் மேல மெல்லுற பல்லு ஒண்டும் இல்லை. எதிர்ப்பல்லு இல்லாததால கீழ்ப்பல்லு மேல எழும்பி நிக்குது. இடப்பக்கம் ரெண்டு பல்லு வெறும் இடத்துக்குச் சரிஞ்சிட்டுது. ஒண்டு ஆடுது."

"வலி ஒண்டும் இல்லையே டொக்டர்."

"இல்லாத பல்லு எப்பிடி ஐயா வலிக்கும்?"

நபீஸா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எதைக் கடிக்கேலும், எதைக் கடிக்கேலாது எண்டு பார்த்துச் சாப்பிடத் தொடங்கின அண்டைக்கே வந்திருக்கவேணும்," என்றார் வைத்தியர். "ஒரு பக்கத்தால மட்டும் மெல்லுறது, துண்டை முழுசா விழுங்குறது, அதுகள்தான் அடையாளம். முன்பல்லு விழுமட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறேல்லை. ஒரு பல்லோட வந்திருந்தா வேற வழியளும் இருந்திருக்கும். இப்ப ஆடுறதை எடுக்கவேணும். பல்லு எடுத்த இடத்தில முரசு ஆறவேணும். பிறகு அச்செடுத்து, கழற்றிப் போடுற பாதிப் பல்லு செட். ரெண்டு மாசம் ஆகும்."

"நாளைக்கிடையில ஏதும் செய்ய ஏலாதா?" என்று கேட்டார் ஸைனுலாப்தீன்.

"நாளைக்கு என்ன விசேஷம்?"

"நாளைக்கு இவருக்குப் பரீட்சை," என்றாள் நபீஸா.

திரும்பும் பஸ் கிண்ணியாப் பாலத்தில் ஏறியபோது அவள் சொன்னாள்: "ஹாஜியார்ட்ட ஒரே ஒரு கதை சொல்லுங்க. பிழை என்ட வாயில, அவன்ட கையில இல்ல எண்டு. போதும்."

ஸைனுலாப்தீன் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கடலில் அன்றைக்கு அவ்வளவு பார்க்க என்ன இருந்ததோ.

வியாழன் பகல் சரீப் ஹாஜியார் தன் ஆட்கள் நாலு பேரோடு வந்தார். வீட்டுக்காரரோடு ஆறு. ஹஸ்மி சஹனைக் கொண்டுவந்து நடுவில் வைத்துவிட்டு, நெற்றி வியர்வையைத் துடைக்கக்கூட மறந்து சுவரோடு நின்றான். குசினித் திரைக்குப் பின்னால் நபீஸா நின்றாள்.

"முதல் துண்டு நீங்க," என்றார் ஹாஜியார்.

ஸைனுலாப்தீன் நெஞ்சில் கை வைத்தார்.

"குறை நினைக்காதீங்க ஹாஜியார். நான் இண்டைக்கு நோன்பு."

"மாஷா அல்லாஹ்! வியாழக்கிழமை சுன்னத்து நோன்பா?"

"முடிஞ்ச அளவு பிடிக்கிறதான்."

திரைக்குப் பின்னால் நபீஸாவுக்குக் காது சூடாகியது. முப்பத்தாறு வருடத்தில் ரமழானுக்கு வெளியே ஒரு நோன்பு அவர் பிடித்ததில்லை. காலையில் ஆறு இடியப்பத்தைச் சொதியில் ஊறவைத்து விழுங்கி, இரண்டு தேநீரும் குடித்த நோன்பு. ஒரு வரி உண்மை சொல்ல ஏலாமல் அல்லாஹ்வுடைய பெயருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டிருந்தார், மானம் காக்கிறாராம்.

"அப்ப நாங்களே பாப்பம்," என்று ஹாஜியார் கையை வைத்தார்.

ஐந்து பேரும் கதைக்காமல் தின்றார்கள். சஹன் திரும்பியபோது ஐந்து பக்கமும் எலும்பு. ஆறாவது பக்கத்தில் சோறு தொடாமலே இருந்தது.

"இதையா ரப்பர் எண்டீங்க ஸைனுலாப்தீன்?"

"இண்டைக்கு நல்ல மாடு மாட்டியிரிக்கி போல."

ஹாஜியார் அவரை ஒரு கணம் பார்த்துவிட்டு ஹஸ்மியின் பக்கம் திரும்பினார். "எழுநூறு பேர். என்னென்ன சாமான் எண்டு துண்டு எழுதி அனுப்பு."

அவர்கள் போனதும் ஸைனுலாப்தீன் குசினிக்கு வந்தார்.

"புள்ள, ஒரு தேத்தண்ணி தா."

"நோன்பாளிக்கா? மஃரிப் பாங்குக்கு இன்னும் அஞ்சு மணித்தியாலம் இரிக்கி."

"விளையாடாத."

"விளையாடினது நான் இல்ல."

அவள் தன் பீங்கானை எடுத்துக்கொண்டு அவருக்கு எதிரே உட்கார்ந்து, தம்பி ஆக்கிய இறைச்சியைத் தின்றாள். முப்பத்தாறு வருடத்தில் அவள் அவ்வளவு சத்தமாக மென்றதில்லை. தேநீர்க் கடைக்குப் போகலாம் என்று அவர் செருப்பை மாட்டினார். வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். அவருடைய நோன்பின் புகழ் அவருக்கு முன்னாலேயே கடைக்குப் போயிருக்கும்.

பாதி செட் வந்து, ஒரு வாரம் பல்லீறை உரசி, இரண்டு தரம் ஓர்ஸ் ஹில்லுக்குப் போய் அராவிச் சரிசெய்து, ஒருவழியாக வாயில் நின்றது. வலீமா அன்று முதல் துண்டு வழக்கம்போல அவருக்குத்தான் போயிற்று. கண்ணை மூடினார், மென்றார், "சரி" என்றார். பந்தி முடிந்ததும் ஹஸ்மி ராத்தாவுக்கு ஒரு படம் அனுப்பினான். ஒரு சஹன். ஆறு பக்கமும் எலும்பு.

இரண்டு நாள் கழித்து, பகல் சாப்பாடு முடிந்து சாய்வுக் கதிரையில் கிடந்தபடி, கடையில் சொல்லிவிட்டு வந்ததை அவர் வீட்டிலும் சொன்னார்.

"ஹஸ்மி நல்லாத் திருந்திட்டான் புள்ள. நான் விடாமச் சொன்னதாலதான்."

நபீஸா பீங்கான் துடைத்துக்கொண்டிருந்த சீலையைத் தோளில் போட்டாள். அலுமாரிக்கு மேல் பல் போட்டு வைக்கும் கிளாஸ் இருந்தது. அதை எடுத்து, தண்ணீர் ஊற்றி, அவருடைய கைக்கெட்ட வைத்தாள்.

"பல்லக் கழட்டி இதுக்குள்ள போட்டுட்டு, அந்தக் கதைய இன்னொருக்காச் சொல்லுங்க பாப்பம்."