தூங்குகிற கீரை

“எழுந்திருங்கடி, பொழுது வந்துடுச்சி!”

கச்சிராயபாளையத்து வாய்க்கால் ஓரம் குந்திக்கொண்டு, சேலைக்கு மேல் புருஷனின் பழைய சட்டையோடு, தங்கமணி ஆரைக்கீரையை அதட்டுகிறாள். காம்புக்கு நாலு இலை; பொழுது சாய்ந்தால் மடித்துக்கொள்ளும், வெயில் பட்டால் விரிக்கும். விரியும்வரை தொடமாட்டாள். “தூங்கறத பறிச்சா பாவம்ங்க. சமைச்சாலும் பாவந்தான்.” நெல்லுக்கு நடுவே களையென்று பிடுங்கி எறிகிற ஊரில் இவள் ஒருத்திக்குத்தான் இந்தத் தாட்சண்யம்.

கள்ளக்குறிச்சியில் எங்கள் தெருவுக்குக் கொண்டுவந்து விற்பாள். சாயங்காலம் யாராவது பேரம் பேசினால், “மெதுவா பேசுங்க, தூங்குது” என்பாள். ஒருமுறை நானே வாயைப் பொத்திக்கொண்டேன், வெட்கக்கேடு!

பக்கத்து வீட்டு மளிகைக்கடை சாதுல்லா பாயின் மகள் பாயிஸா பிள்ளைத்தாச்சி. எது தின்றாலும் வாந்தி. தங்கமணியின் கீரை ஒன்றுதான் வயிற்றில் தங்கும். அந்த நேரம் பார்த்து இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். பஸ் இல்லை, கீரை இல்லை. இரண்டு நாளாகப் பெண்ணுக்கு வெறும் தண்ணீர், அதுவும் நிற்கவில்லை. தாய் கமர் ஜஹான் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தார். எனக்கும் பயந்தான்.

விளக்கு வைக்கிற நேரத்தில் தங்கமணி வந்து நின்றாள், சேற்றுக்காலும் சிரிப்புமாக.

“வழியெல்லாம் புளியமரத்த வெட்டிப் போட்டுக்கீறாங்க பாயம்மா. நடந்தே வந்தேன். புள்ளத்தாச்சிக்குக் கீரைன்னு சொன்னேன். கூடைய கைமாத்தி கைமாத்தி அந்தாண்ட வுட்டுட்டாங்க. நான்தான் கிளையில மாட்டிக்கினு கத்திக்கினு இருந்தேன்!”

பாயிஸாவே சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஈரத்துணியை விலக்கினோம். அத்தனை இலையும் மடிந்து கிடந்தது.

“தூங்கிடுச்சே பாயம்மா. காலைல வெயில் வரட்டும்” என்றாள் தங்கமணி. முகம் விழுந்துவிட்டது.

“பசிக்குதுக்கா” என்றாள் பாயிஸா.

தங்கமணி அவளைப் பார்த்தாள், கூடையைப் பார்த்தாள். பிறகு குனிந்து, “மன்னிச்சிக்கங்கடி, இன்னிக்கு மட்டும்” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கமர் ஜஹான் சத்தம் வராமல் பூண்டு தட்டினார்.

பருப்போடு வெந்த கீரை கடைந்து சோற்றுக்கு வந்தது. பாயிஸா சாப்பிட்டாள். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வயிற்றில் நின்றது!

மறுபடி தட்டை நீட்டினாள். தங்கமணி ஒரு கையால் அவசரமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, மறு கையால் கரண்டி நிறைய அள்ளி வைத்தாள்.