இருநூறு தோட்டாவையும் உடைச்ச வாரம்

1. வெள்ளிக்கிழமை, மூணாவது கட்டை

மருந்து போட்டேனா, இல்லையா? இந்த ஒரு கேள்விய மண்டையில வச்சுக்கிட்டு ரெண்டு நாளு பேய் புடிச்சவன் மாதிரி அலைஞ்சேன். கிளப்புல இப்ப தோட்டா கட்டுறவங்க, உங்க அனுபவத்த எழுதிக் குடுங்கண்ணேன்னு கேட்டாங்க. எனக்கு ஒரு எடத்துல உக்காந்து எழுத வராது. நாலு வரி எழுதிட்டு எழுந்து நடந்து, மறுபடி வந்து உக்காந்துதான் இத முடிச்சிருக்கேன்.

ஈப்போவுக்கு வடக்க, செமோர் பக்கத்துல பழைய ரப்பர் தோட்டத்து நெலத்துல அந்த துப்பாக்கி சுடுற கிளப் இருக்கு. எங்கப்பா பால் மரம் வெட்டுன அதே தோட்டம்தான். இப்ப சுத்திலும் செம்பனை. இது நடந்தப்ப நான் அங்க வேலைக்குச் சேந்து இருபத்தாறு வருஷம். புல்லு வெட்டப் போனவன் கடைசியில தோட்டா கட்டுற ஆளாயிட்டேன். சின்ன ரைஃபிள்ல பழகுறதுக்கான தோட்டாவ கிளப்பே லைசென்ஸ் எடுத்துக் கட்டிக்கும். சுட்ட குண்டெல்லாம் மண்மேட்டுல பொதைஞ்சு கெடக்கும். அத தோண்டி, சலிச்சு, ஈயத்த உருக்கி அச்சுல ஊத்தி, திரும்பவும் குண்டாக்குவோம்.

உருக்கப் போன முதல் நாளே ஈரத்தோட இருந்த ஈயத்த சட்டியில போட்டுத் தொலைச்சேன். வெடிச்சுத் தெறிச்சு இடது கையில மூணு எடத்துல தோலு போச்சு. செக்ரட்டரி மிஸ்டர் வோங் களிம்பு தடவிவிட்டு, காய்ஞ்சத மட்டும் போடணும்னு ஒரே வரியில சொன்னாரு. எதையும் ரெண்டாவது தடவ சொல்ற மனுஷன் இல்ல அவரு.

தோட்டா கட்டுறதுல ஒரு வழக்கம் உண்டு. அம்பது ஓட்டை போட்ட மரக்கட்டையில தோட்டாவோட காலிப் பித்தளைக் கூட்ட வாய் மேல பாத்து நிறுத்துவோம். ஒவ்வொண்ணுலயும் வெடிமருந்து போடுவோம். போட்டு முடிச்சதும் டார்ச் லைட்ட அடிச்சு, வரிசை வரிசையா உள்ள பாக்கணும். எல்லாத்துலயும் மருந்து ஒரே மட்டத்துல தெரிஞ்சாத்தான் மேல குண்டு வைக்கலாம். குண்டு வச்சாச்சுன்னா உள்ள என்ன இருக்குன்னு ஆண்டவனுக்குத்தான் தெரியும். மருந்து இல்லாத தோட்டாவ சுட்டா, கூட்டோட அடியில தீ மூட்டுற மூடி தள்ளுன தள்ளுல குண்டு பாதி வழி போய் துப்பாக்கிக் குழாய்க்குள்ள சிக்கிக்கும். அது தெரியாம அடுத்தத சுட்டா குழாய் வெடிக்கும். சுடுறவன் மொகம் அதுக்குப் பக்கத்துலதான் இருக்கும்.

ஞாயித்துக்கிழமை கிளப் போட்டிக்காக அன்னிக்கு நாலு கட்டை, இருநூறு தோட்டா. ஹேண்ட்போன அந்த ரூமுக்குள்ள கொண்டு போகக்கூடாது. நான் கொண்டு போனேன். என் பொண்டாட்டி சரோஜா பத்து காஜாங்கிற ஊரு ஆஸ்பத்திரியில ஸ்கேன் ரிப்போர்ட்டுக்காக உக்காந்திருந்தா. ஒரு மாசமா அவளுக்கு வயித்து வலி, பெரிய வியாதியோன்னு ரெண்டு பேருக்கும் பயம். மூணாவது கட்டையில மருந்து போட்டுட்டு இருக்கும்போது போன் அடிச்சுச்சு. வெளிய ஓடிப் போய் எடுத்தேன். வெறும் பித்தப்பைக் கல்லுதானாம், வேற ஒண்ணும் இல்லையாம். எனக்கு அழுகையே வந்துடுச்சு.

நல்ல சேதிதான் என்னக் கெடுத்துச்சு. பயத்துல இருந்தா ஜாக்கிரதையா இருந்திருப்பேன். உள்ள வந்து பாட்டு முணுமுணுத்துக்கிட்டே மூணாவது கட்டையில குண்ட வச்சேன், நாலாவதையும் முடிச்சேன். இருநூறையும் ஒண்ணாத் துணியில கொட்டித் தொடைச்சு பெட்டியில அடுக்கிட்டேன். பெட்டிய இரும்பு ரூமுல வச்சுப் பூட்டுற நேரத்துல சுருக்குனு பட்டுச்சு. மூணாவது கட்டையில டார்ச் அடிச்சுப் பாத்தேனா?

பாத்த மாதிரிதான் ஞாபகம். கண்ண மூடுனா வரிசையாத் தெரியுது. ஆனா அது இன்னிக்குப் பாத்ததா, நேத்துப் பாத்ததா, போன மாசம் பாத்ததா? இத்தனை வருஷமா ஒரே மாதிரி பாத்தவனுக்கு எல்லா நாளும் ஒரே நாளாத்தான் தெரியுது.

2. தராசு

சனிக்கிழமை விடிஞ்சதும் கிளப்புக்குப் போயிட்டேன். தராசுல ஒவ்வொண்ணா நிறுத்துப் பாத்தா மருந்து இல்லாதது லேசா இருக்கும்னு ஒரு நம்பிக்கை. புத்திசாலின்னு நெனப்பு வேற. முப்பது தோட்டா நிறுத்ததும் கைய உதறிட்டேன். கடையில வாங்குற குண்டா இருந்தா எல்லாம் ஒரே எடை இருக்கும். இது நாம ஊத்துன ஈயம். ஒண்ணு கொஞ்சம் குண்டா இருக்கும், ஒண்ணு ஒல்லியா இருக்கும். ஒரு கூட்டுக்குள்ள போற மருந்தோட எடைய விட குண்டுக்குக் குண்டு வித்தியாசம் அதிகம். என் கையால ஊத்துன ஈயமே என்ன ஏமாத்துச்சு.

சரி, காதுகிட்ட வச்சுக் குலுக்கிப் பாக்கலாம்னு பாத்தேன். சுடுற எடத்துல இருபத்தாறு வருஷம் இருந்த காது. எனக்குக் கேட்டது என் இருமல் மட்டும்தான்.

மிஸ்டர் வோங்கிட்ட சொன்னா என்ன ஆகும்னு எனக்கு நல்லாத் தெரியும். சந்தேகம் வந்த தோட்டாவ மொத்தமா பூட்டிடணும். கமிட்டி ஆளுங்க ரெண்டு பேரு முன்னாடிதான் பிரிக்கணும். அவங்க புதன்கிழமைதான் வருவாங்க. வேற தோட்டா கிளப்புல கெடையாது, வெளிய வாங்கப் பர்மிட் வேணும். அப்ப ஞாயித்துக்கிழமை போட்டி கெடையாது.

போட்டி போனா போகட்டும், அடுத்த மாசம் வச்சுக்கலாம். ஆனா அங்க சுடுற காதர் அண்ணனுக்கு அடுத்த மாசம் இல்ல. அதுதான் என்னக் கொன்னுச்சு.

3. கோப்பெங்

காதர் அண்ணே கோப்பெங் டவுன்ல சாப்பாட்டுக் கடை வச்சிருந்தாரு. நான் கிளப்புல சேந்த வருஷந்தான் அவரும் மெம்பரானாரு. இது நடந்தப்ப அவருக்கு அறுவத்தெட்டு வயசு. கண்ணுல பொரை விழுந்து ஆபரேஷன் ஆயிடுச்சு. வீட்டுல துப்பாக்கியே வேணாம்னு பிள்ளைங்க ஒத்தக் கால்ல நின்னதுல லைசென்ஸ புதுப்பிக்கல. திங்கக்கிழமையோட முடியுது. அன்னிக்கே ரைஃபிள போலீஸ் பாலாய்ல ஒப்படைக்கணும். ஞாயித்துக்கிழமை சுடுறதுதான் கடைசி. ஆறு மாசமா அதுக்காகப் பழகிட்டு இருந்தாரு மனுஷன்.

அவர்கிட்ட முதல்ல சொல்லிடலாம்னு மோட்டார் சைக்கிள எடுத்துட்டுப் போனேன். ரொட்டி சானாய் வச்சாரு, குடிக்கத் தே வச்சாரு. சரோஜாவப் பத்தி விசாரிச்சாரு; வெறும் கல்லுதான்னு நான் சொன்னதும், சமைக்க ஆளு இருக்குன்னு தெம்பாயிட்டியான்னு கிண்டல் பண்ணாரு. நாளைக்குப் போட்டுட்டு வர அன்னிக்குக் காலையிலதான் புது வெள்ளைச் சட்டை வாங்கியிருந்தாரு, அதையும் எடுத்துக் காட்டுனாரு. பாதி ரொட்டிய அப்படியே வச்சேன். தோட்டா விஷயத்தச் சொல்லாமலே எழுந்து வந்துட்டேன்.

வீட்டுக்குப் போகாம செமோர் வரைக்கும் திரும்ப ஓட்டுனேன். கிளப் கேட்டுகிட்ட நின்னேன், உள்ள போகல. திரும்பி ஈப்போவுல என் வீட்டுக்கு வந்தேன். இருநூறுல ஒண்ணுதானே, அது கூட சந்தேகந்தானேன்னு எனக்கு நானே வக்கீலா வாதாடிக்கிட்டேன். சரோஜாகிட்ட சொன்னதுக்கு அவ ஒரே கேள்விதான் கேட்டா. அந்தத் தோட்டாவ நீங்க சுடுவீங்களான்னு கேட்டா. நான் முகம் கழுவப் போனேன்.

4. பாய்

ஞாயித்துக்கிழமை காலையில மிஸ்டர் வோங் முன்னாடி போய் நின்னேன். அப்பவும் குட்மார்னிங் மட்டும் சொல்லிட்டு நகந்துட்டேன். ரொம்பக் கேவலமா இருக்கு இத எழுத, ஆனா எழுதணும். பேரு கூப்பிட்டாங்க. காதர் அண்ணே வெள்ளைச் சட்டையோட, சுடுறதுக்கு விரிச்ச பாயில குப்புறப் படுத்தாரு. கன்னத்த ரைஃபிள் கட்டையில வச்சாரு. ஆபரேஷன் பண்ண கண்ணு அது. நான் கட்டுன பெட்டியிலேருந்து முதல் தோட்டாவ எடுத்தாரு.

"நிறுத்துங்க"ன்னேன். சத்தமாக் கூட வரல. மிஸ்டர் வோங் கைய ஒசத்துனாரு, எல்லாரும் நின்னுட்டாங்க. நான் மலாய்லயும் தமிழ்லயும் மாத்தி மாத்தி உளறிச் சொல்லி முடிச்சேன். போன் கொண்டு போனதையும் சொன்னேன். அவரு ஒரு வார்த்தை திட்டல. கையை மட்டும் நீட்டுனாரு. நான் ரூம் சாவிய அதுல வச்சேன். போட்டி அதோட நின்னுச்சு.

காதர் அண்ணே மெதுவா எழுந்தாரு. முட்டியில ஒட்டுன மண்ணத் தட்டிவிட்டாரு. என் மொகத்தப் பாக்கவே இல்ல. நேத்து என் கடையில உக்காந்தப்ப சொல்லியிருக்கலாம்லான்னு கீழ பாத்துக்கிட்டே சொன்னாரு. ரைஃபிள உறையில போட்டுக்கிட்டுப் போயிட்டாரு. மறுநாள் ஒப்படைச்சாச்சு.

5. புதன்கிழமை

கமிட்டி ஆளுங்க முன்னாடி இருநூறையும் நானே பிரிச்சேன். காலையில ஆரம்பிச்சது மத்தியானம் தாண்டிப் போச்சு. ஒவ்வொரு குண்டையும் புடுங்கும்போது, இது காலியா இருக்கணும் சாமின்னு வேண்டிக்கிட்டேன். ஒண்ணு, ஒரே ஒண்ணு காலியா இருந்தாப் போதும், நான் செஞ்சதுக்கு அர்த்தம் இருக்கும். நூறு தாண்டுச்சு. நூத்தம்பது தாண்டுச்சு. கடைசித் தோட்டாவுலயும் மருந்து சரியா இருந்துச்சு.

நேரா கோப்பெங் போனேன். காதர் அண்ணே தே ஆத்திக்கிட்டு இருந்தாரு. என்னாச்சுன்னு கேட்டாரு. வழியெல்லாம் ஒரு பொய்ய ஒத்திகை பாத்துக்கிட்டுத்தான் வந்தேன். மூணாவது கட்டையில ஒண்ணு காலியா இருந்துச்சுன்னு சொன்னா முடிஞ்சுது கதை. அவரு என்னக் கட்டிப் புடிச்சிருப்பாரு.

"எல்லாத்துலயும் மருந்து இருந்துச்சுண்ணே."

குவளைய மேசையில வச்சாரு. சிந்துன தேய துணியால தொடைச்சாரு. "ஒண்ணு காலியா இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எனக்கு மனசு ஆறியிருக்கும்லா."

"சொன்னா நம்பியிருப்பீங்கண்ணே. அதான் சொல்லல."

அவரு தலைய ஆட்டுனாரு. சரின்னு ஆட்டுனாரா, போடான்னு ஆட்டுனாரா, எனக்குத் தெரியாது. தேய என் முன்னாடி வச்சுட்டு அடுத்த மேசைக்குப் போயிட்டாரு. அதுக்கப்புறம் நான் எத்தனையோ தடவ போயிருக்கேன். தே வரும், அவரு பக்கத்துல வந்து உக்காரமாட்டாரு. ஆறு மாசம் கழிச்சு மிஸ்டர் வோங் சாவியத் திருப்பிக் குடுத்தாரு. காதர் அண்ணே இன்னும் உக்காரல.

தோட்டா கட்டுறவங்களுக்கு நான் சொல்றது இதுதான். பாத்த மாதிரி இருக்குன்னா நீங்க பாக்கல. சந்தேகம் வந்த அன்னிக்கே சொல்லிடுங்க. நான் ரெண்டு நாளு அலைஞ்ச அலைச்சல்ல அந்த மனுஷன் சட்டை வாங்கிட்டாரு, பாயில படுத்துட்டாரு. வெள்ளிக்கிழமையே சொல்லியிருந்தா அவருக்கு வலி பாதியாவது கொறைஞ்சிருக்கும். இன்னொரு தடவ இதே சந்தேகம் வந்தா, இருநூறையும் மறுபடி உடைப்பேன். எல்லாத்துலயும் மருந்து இருந்தா, இருந்துச்சுன்னு அவர்கிட்டயே போய்ச் சொல்லுவேன்.