மருந்தின் மேல் சுண்ணாம்பு

முதலில் வந்தது குளிர். பங்குனி மாத நடுப்பகல், ரப்பர் கன்றுகளுக்கு நடுவே களை எடுத்துக்கொண்டிருந்தேன். முதுகில் வெயில் சுட, பற்கள் கிட்டித்துக்கொண்டன. மண்வெட்டியைப் பிடிக்க முடியவில்லை. பக்கத்து நிரையில் இருந்த மாரியாயி அக்கா, "வெயிலுல நடுங்குறியே, என்னாடி இது புது மசக்கை?" என்று சிரித்தார். அப்போது எனக்கு ஐந்தாம் மாதம்.

எழுபதுகளின் முற்பகுதி அது. இலங்கை மலைத்தோட்டங்களிலிருந்து நாங்கள் கட்சால் தீவின் அரசு ரப்பர் தோட்டத்துக்கு வந்து ஓராண்டு முடிந்திருந்தது. தேதிகளை நினைவில் வைப்பது என் வழக்கம். காய்ச்சல் தொடங்கிய பிறகு நடந்தவற்றின் வரிசை மட்டும் இன்றும் கலைந்தே கிடக்கிறது. இதே மலேரியாவோடு கர்ப்பமாக இருக்கும் பெண்களுக்காக, முடிந்தவரை ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவி எடுத்தார்கள். சில்லு கப்பலில் போர்ட் பிளேர் போகும். முடிவும் கப்பலில்தான் வரும். கடல் கொந்தளித்தால் எதுவும் வராது. எங்கள் டாக்டர் ஒரு வங்காளி. முடிவுக்குக் காத்திராமல் குளோரோகுயின் (மலேரியாவுக்கான கசப்பு மாத்திரை) கொடுத்தார். காய்ச்சல் இறங்கியது. சித்திரையில் திரும்ப வந்தது. வைகாசியில் மீண்டும் வந்தது.

"ஒரே மாத்திரைய எத்தன தடவைங்க சார் குடுப்பீங்க?" என்று என் கணவர் கேட்டார்.

டாக்டர் எங்களோடு பழகி அரைத் தமிழ் கற்றிருந்தார். "கிருமி கலேஜாவில், ஈரலில், ஒளிஞ்சிருக்கு. அதைக் கொல்ல வேற தவாய், மருந்து, இருக்கு. பேட்டில் பச்சா இருக்கும்போது கொடுக்க முடியாது."

வயிற்றில் பிள்ளை இருக்கும்வரை நோயின் வேரைத் தொட முடியாது என்று புரிந்துகொண்டேன். இனி எல்லாம் பிள்ளை பிறக்கும்வரை நாங்கள் இருவரும் தாக்குப்பிடிப்பதில் இருந்தது. என் ரத்தம் வெளுத்துக்கொண்டே போனது. மண்ணீரல் (இடது விலாவுக்குக் கீழே உள்ள உறுப்பு) வீங்கியது.

மூன்றாம் முறை காய்ச்சல் வந்தபோது டாக்டர் வீட்டுக்கே வந்தார். நாடி பிடித்தபடி சுவரைப் பார்த்தார். எழுந்து போய் விரலால் தேய்த்தார். விரல் வெள்ளையாக வந்தது.

"சூனா? தவாய்க்கு மேலே சூனாவா, சுண்ணாம்பா?"

சுவருக்கு மருந்தடிக்கும் குழு மழை ஓய்ந்ததும் கார்த்திகையில் வரவேண்டியது. அந்த வருடம் மழை மார்கழியிலும் நீடித்தது. அலையில் கப்பலிலிருந்து இறங்க வழியில்லை. பொங்கலுக்கு முந்தைய வாரம்தான் வந்தார்கள். உள்சுவர்களில் டிடிடி (சுவரில் படிந்து, வந்தமரும் கொசுவைக் கொல்லும் மருந்து) அடித்துவிட்டுப் போனார்கள். சுவரெல்லாம் திட்டுத்திட்டாகக் கறை. இலங்கையில் நாங்கள் இருந்த லயத்தில் (தோட்டக் கூலிகளின் வரிசை அறைகள்) சுவர்கள் தோட்டத் துரைக்குச் சொந்தம். இங்கே எங்கள் பெயரில் முதல் வீடு, அதில் முதல் பொங்கல். எங்கள் வீட்டு வரிசை முழுவதும் சுண்ணாம்பு கரைத்துக் கறையை மறைத்துப் பூசிவிட்டது. காடு வெட்டிய குழிகளிலெல்லாம் மழைநீர் தேங்கியிருந்தது. கொசு எங்கள் வெள்ளைச் சுவர்களில் நிம்மதியாக உட்கார்ந்தது.

இதைக் கேட்டதும், மீண்டும் அடிக்கும்படி டாக்டர் போர்ட் பிளேருக்கு எழுதினார். அட்டவணை நாடு முழுவதற்கும் ஒன்றுதான், அடுத்த சுற்று அடுத்த பருவத்தில் என்று பதில் வந்தது. மருந்து ஒரு இலாகா, வீடு ஒரு இலாகா, கப்பல் இன்னொன்று. மழை தள்ளிப்போனால் என்ன செய்வது என்பது எந்த இலாகாவின் வேலையும் இல்லை.

ஆனித் தொடக்கத்தில் வயிற்றில் அசைவு நின்றது. மறுநாள் பிறந்த பெண் குழந்தை அழவில்லை. என் கணவரும் மாரியாயி அக்காவின் புருஷனும் மழையிலேயே கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தார்கள்.

ஈரலில் ஒளிந்த கிருமிக்கான அந்த மாத்திரையை டாக்டர் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தார். "இப்போ சாப்பிடலாம்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் விழுங்கினேன். அதன்பின் காய்ச்சல் வரவில்லை.

அடுத்த வருடமும் குழு பொங்கலை ஒட்டித்தான் வந்தது. அதன் தலைவர் மதுரைப் பக்கத்துக்காரர். சுண்ணாம்பைப் பற்றி ஏன் யாரும் சொல்லவில்லை என்று கேட்டேன். "அடிச்ச வீடு எத்தனைன்னுதான்மா எங்ககிட்ட கேப்பாங்க. அப்புறம் செவுரு என்னாச்சுன்னு யாரும் கேட்டதில்ல."

அன்று மாலை வரிசைப் பெண்கள் கூடினோம். உள்சுவருக்கு யாரும் வெள்ளையடிக்க வேண்டாம் என்றேன்.

"நல்ல நாளும் அதுவுமா வீடு எழவு வீடு மாதிரி கிடக்கணுமா?" என்றார் மாரியாயி அக்கா. சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்தது போலும். என் கையைப் பிடித்துக்கொண்டார். "கிடக்கட்டும் புள்ள. வெளிய மட்டும் பூசிக்கிறோம்."

வரிசை அந்தப் பொங்கலைக் கறைச் சுவர்களுக்குள் கொண்டாடியது. அந்த வருடம் வீடுகளில் காய்ச்சல் குறைந்தது, நிற்கவில்லை.

மாசியில் டாக்டர் என்னைச் சோதித்தார். உடம்பு தேறிவிட்டது, இன்னொரு பிள்ளைக்கு யோசிக்கலாம் என்றார். "மழைக்காலம் படாமல் பார்த்துக்கோங்க."

வீட்டுக்கு நடந்துவரும்போது விரல்விட்டு எண்ணினேன். முன்பெல்லாம் மாதங்கள் பண்டிகைகளாக இருந்தன. இப்போது ஒவ்வொன்றையும் என் வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கிறேன். எந்த மாதத்தில் தொடங்கினாலும் மழை குறுக்கே வருகிறது. சேர்ந்தாற்போல் பத்து மாதம் மழையில்லாத காலம் இந்தத் தீவில் இல்லை.