மச்சான் போட்ட மோதிரம்

ஸ்கேன் எடுக்க மோதிரத்தைக் கழற்ற வேண்டுமாம். சோப்புப் போட்டும் வரவில்லை. ஆள் தடித்தால் விரல் மட்டும் மெலிந்தா இருக்கும்? கடைசியில் தாதி வெட்டித்தான் எடுத்தாள்.

"ஆர் தந்தது ஐயா?"

"தங்கச்சிட புருசன்" என்றேன். தங்கச்சி என்ற சொல் இன்றும் எனக்குச் சரளமாக வருவதில்லை.

கையில் ஒட்டிய சோப்பு வாசம் குருக்கள்மடம் கிராமத்தில் எங்கள் வீட்டுக் கிணற்றடிக்குக் கொண்டுபோனது. அங்கே மல்லிகா துவைத்துக்கொண்டிருப்பாள். மலையகத்திலிருந்து வந்து செங்கலடிக்கு அப்பால் குடியேறிய குடும்பம். சண்டையில் எல்லோரும் செத்துப்போக, அவள் மட்டும் அகதி முகாமில் கிடந்தாள். கஞ்சி கொடுக்கப் போன அம்மா கையோடு கூட்டிவந்துவிட்டாள். நான் அப்போது புது வாத்தியார். அவள் துவைத்த சட்டை என்று தினமும் கண்ணாடி பார்த்த பைத்தியக்காரன். அவளைக் கல்யாணம் முடிக்க ஆசைப்பட்டேன். சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

எங்கள் பக்கம் தாயின் குடிதான் பிள்ளைக்கும். ஒரே குடிக்குள் எல்லோரும் சகோதரம், கல்யாணம் கிடையாது. கோயில் திருவிழாவில் ஒவ்வொரு குடிக்கும் ஒருநாள். எங்கள் நாளன்று, ஒதுங்கி நின்றவளைப் பார்த்து, கோயிலை நடத்தும் வண்ணக்கர் என்ன குடி என்று கேட்டார். மலையகத்தாருக்கு ஏது குடி? அவள் தலை குனிந்தாள். அம்மா அவள் கையைப் பிடித்தாள்.

"எங்கட குடிதான். என்ர மகள்."

சொந்தச் சனம் செத்ததற்கு அழாதவள் அன்று அழுதாள். பிறகு என் பக்கம் திரும்பி "அண்ணா" என்றாள். பூத்தட்டோடு நின்றேன். கிடைத்த தாயை அவளிடமிருந்து எப்படிப் பறிப்பது?

அவள் கல்யாணத்தில் தமையனாக நின்று மாப்பிள்ளையின் கால் கழுவினேன். அதற்கு அவர் போட்ட மோதிரம்தான் இது. தங்கமான மனுசன். குறை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அடுத்த வருடம் வாவிக்கு அக்கரையில், அவர்களின் வயல் வாடிக் குடிசையில் செல் குண்டு விழுந்தது. இருவரும் மிஞ்சவில்லை. இரத்த உறவில்லையே, சாவுத் துடக்குக் காக்கத் தேவையில்லை என்றார்கள் அயலார்.

"என்ர பிள்ளைக்கு நான் காக்காம ஆர் காக்கிற?" என்றாள் அம்மா.

முப்பத்தோராம் நாள் முடியும்வரை நாங்கள் கோயிலுக்குப் போகவில்லை. அம்மா அழுதாள். எனக்கு ஒன்றுமே வரவில்லை. தமையனாக அழ முடியவில்லை, வேறு விதமாக அழ உரிமை இல்லை. சோறு தின்றேன், பள்ளிக்குப் போனேன்.

அம்மாவும் போய்விட்டாள். வெட்டிய மோதிரத்தைத் தாதி கடதாசியில் சுற்றித் தந்தாள், தட்டாரிடம் கொடுத்தால் ஒட்டித் தருவார் என்று. வேண்டாம் என்றேன்.

அப்போதெல்லாம் அவள் "அண்ணா" என்று கூப்பிட்டால் கேட்காதது போல வெளியே போய்விடுவேன். இப்போது அப்படிக் கூப்பிட யாருமில்லை.