குசினிக்குப் போன நீலம்

ஏறாவூரில் எந்த வீட்டில் கல்யாணம் பேசினாலும், சுவருக்கு என்ன நிறம் அடிப்பதென்று கேட்க என் அக்கா கைறுன்னிஸா ராத்தாவிடம்தான் ஆள் வரும். என்னிடம் யாரும் கேட்பதில்லை. கேட்டால் வெள்ளை என்பேன், வேலை முடிந்தது. அவளோ தறியில் உட்கார்ந்து நூலோடு நூலைச் சேர்த்துப் பார்த்தே வளர்ந்தவள். பிடிவாதத்துக்கும் குறைவில்லை.

அவள் முதலில் நிறம் சொன்னது எங்கள் வீட்டுக்குத்தான். முப்பத்தெட்டாம் ஆண்டு, அவளுக்கே கல்யாணம் பேசியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை வந்து குடியேறுவார். பெற்றவர்கள் வீட்டைக் கொடுத்துவிட்டுப் பின்னால் சமைக்கிற குசினிக்கு ஒதுங்குவார்கள். எங்கள் குசினியோ புகை பிடித்து, பகலிலேயே விளக்குக் கேட்கும். உம்மா அதைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ராத்தாவுக்குத்தான் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வருவதாக ஏற்பாடு. பிடிக்காவிட்டால் பேச்சு அத்தோடு நின்றுவிடும். பக்கத்துத் தெருவில் அப்படி ஒன்று நடந்துமிருந்தது. வாப்பா தன்னாமுனைக்குப் போய், சுண்ணாம்பு அடிக்கிற யாக்கோப்பு அண்ணனைக் கூட்டி வந்தார். மாதா கோயிலுக்கு அடித்ததில் மிஞ்சிய நீலப்பொடி அவரிடம் கொஞ்சம் இருந்தது. ஓர் அறைக்குத்தான் காணும். அது மணமக்கள் படுக்கும் மணவறைக்கு என்று உம்மா முடிவு கட்டிவிட்டாள்.

ராத்தா அந்நிய ஆணுக்கு முன்னால் வரக் கூடாதே! திரைக்குப் பின்னால் நின்று நூல் துண்டுகளை வாப்பாவிடம் நீட்டுவாள். சிவப்பு நூல் பழைய நெல்லுப் பெட்டகத்துக்கு, பச்சை நூல் கதவுக்கு. வாப்பா திரைக்கும் ஏணிக்கும் நடுவே ஓடி ஓடி மூச்சு வாங்கினார். நீல நூலைக் கொடுக்கும்போது, "இது குசினிக்கு" என்றாள்.

யாக்கோப்பு அண்ணன் சிரித்தே விட்டார். "குசினிக்கு நீலமோ தங்கச்சி? அடுப்புப் புகைக்கு எத்தின நாள் நிக்கும்?"

"அடுப்ப வெளிய கொட்டிலுக்குக் கொண்டு போறம். சுவத்தில ஒரு யன்னலும் வெட்டுங்க."

உம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஊர் சிரிக்கும்கா! மணவறைய வெறும் வெள்ளையா உட்டுப்போட்டுக் குசினியச் சோடிக்கிறாளே, இந்த விசரி!"

"வீடு எனக்குத்தானே தாறீங்க? அப்ப நான் சொல்றதுதான் நிறம்."

வாப்பா நூலை எடுத்துக்கொண்டு மெதுவாக நழுவினார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு, மாப்பிள்ளை ஹமீடின் தாய் செய்னம்பு மாமி நாலு பெண்களோடு வந்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற மனுஷி. மணவறையின் வெள்ளைச் சுவரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பிறகு நேரே பின்பக்கம் நடந்தார். உம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு பின்னால் ஓடினாள். எனக்கோ ராத்தாவைப் பிடித்து நன்றாகக் கிள்ளிவிடலாம் போலிருந்தது.

குசினி வாசலில் மாமி நின்றுவிட்டார். புது யன்னலால் வெயில் விழுந்து நீலச் சுவர் பளிச்சென்றிருந்தது. தரையில் புதுப் பாய்.

"இதென்னகா புதினம்? மகள்ட மணவறைக்கு இல்லாத சோடிப்புக் குசினிக்கு என்னத்துக்கு?"

உம்மா வாய் திறப்பதற்குள் திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. கல்யாணப் பெண் பேசலாமா? இவள் பேசினாள்.

"அது இனிக் குசினி இல்ல மாமி. என்ட உம்மாவும் வாப்பாவும் இரிக்கப்போற அறை."

போச்சு, எல்லாம் போச்சு என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால், மாமி அந்தப் பாயில் உட்கார்ந்திருந்தார். மூத்த மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு, ஆறு வருடமாக அவரும் புகையடைந்த குசினியில்தான் படுத்தெழும்புகிறார் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். யாருக்கும் அது ஒரு விஷயமாகவே பட்டதில்லை.

சுவரைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, மாமி உம்மாவைக் கேட்டார்.

"நான் மகனப் பாக்க வந்தா, இஞ்ச ஒரு ராவு படுக்க உடுவீங்களா?"

உம்மா போய் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கல்யாணம் பேசிய நாளிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் அவளுக்கு வந்தது.