பல் சாரும் ஒரு பால் பல்லும்

மறுபடியும் மாவுச் சல்லடையைக் காணோம். வீடு முழுக்கத் தேட வேண்டியதில்லை, நேரே குளியலறைக்குப் போனால் போதும். பேண்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, முக்காலி போட்டு உட்கார்ந்து, வாளித் தண்ணீரில் மண் சலித்துக்கொண்டிருப்பார் பல் சார்.

“ஏங்க, உங்க ஆபீஸ்ல ஒரு சல்லடைக்கா பஞ்சம்?”

“இருக்கு. அதுல கண்ணு பெருசு. பல்லெல்லாம் கீழ போயிடும்.”

கடுகளவு பல்லுக்காக மூட்டை மூட்டையாக மண் சலிப்பதுதான் அவர் பிழைப்பு. எலும்பெல்லாம் நொறுங்கிப்போனாலும் பல் மட்டும் கோடிக்கணக்கான வருஷம் கிடக்குமாம். அதை வைத்துக்கொண்டு, பாலூட்டிகள் எப்படி வந்தன, எப்படி மாறின என்று சொல்லிவிடலாமாம். அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்து அறையில் இதையே முப்பத்தைந்து வருஷம் செய்தாயிற்று. போதாத குறைக்கு வீட்டுக்கும் மண் வருகிறது. குழாய் அடைத்துக்கொள்ளும்போதெல்லாம் ஆள் கூப்பிடுவது மனைவி.

தெருவில் பாதிப் பேர் அவரைப் பல் வைத்தியர் என்றே நினைத்திருக்கிறார்கள். ஒரு நாள் எதிர்வீட்டுக்காரர் வீங்கிய கன்னத்தோடு வந்து நின்றார். சார் டார்ச் அடித்துப் பார்த்து, “கடைசிப் பல்லு. தாடை சுருங்கிட்டே வருது, அதுக்கு இடமில்ல. மனுஷங்களுக்கே உள்ள பிரச்சினை” என்று அரை மணி நேரம் விளக்கினார். பாவம், அவர் வலியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். மாப்பிள்ளை முதன்முதலாக வீட்டுக்கு வந்து வாய்விட்டுச் சிரித்தபோதும், “மேல ஒரு பல்லு கம்மியா இருக்கே” என்றுதான் வரவேற்றார். மகள் அன்றைக்கு அழாத குறை.

இந்த மனுஷரோடு ஒருத்தி எப்படிக் குப்பை கொட்டினாள் என்று கேட்டால், அதற்கு ஒரு காரணம் கூடத்துச் சுவரில் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. கல்யாணமான புதிதில் ஒரே ஒரு பல்லை வைத்து, உலகம் அதுவரை அறியாத ஒரு பிராணி என்று எழுதி, அதற்கு மனைவி பெயரையே வைத்தார். அந்தக் கட்டுரையின் முதல் பக்கம் அது. மொத்த உத்தியோகத்தில் அவர் பெயர் வைத்த பிராணி அது ஒன்றுதான். “போயும் போயும் எலி மாதிரி ஒண்ணுக்கா உன் பேரு?” என்று மனைவியின் அக்கா கிண்டலடித்தாள். அடித்தால் என்ன? அக்காவுக்கு வளையல்தான் இருந்தது, பிராணி இல்லையே.

போன வாரம் அதற்கும் வந்தது வினை. மண்ணிலிருந்து ஒரு தாடைத் துண்டு கிடைத்தது. அதில் அதே பல். எக்ஸ்ரே எடுத்தால், அதற்கு அடியில் முளைக்கக் காத்திருக்கும் இன்னொரு பல். சார் சாப்பாட்டு மேஜையில் வந்து உட்கார்ந்து சாதாரணமாகச் சொன்னார்: “அது புதுப் பிராணி இல்ல. ஏற்கெனவே பேர் வச்ச ஒண்ணோட குட்டி. நான் பாத்தது பால் பல்லு, அதான் வேற மாதிரி இருந்திருக்கு.”

“அப்ப என் பேரு?”

“முதல்ல வச்ச பேருதான் நிக்கும். உன் பேரு போயிடும்.”

அவளுக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ. “பொண்ணு பால் பல்ல டப்பாவுல போட்டுத் தேதி எழுதி வச்சிருக்கீங்க. அத்தனையும் பாத்த கண்ணுக்கு இது தெரியலையா?”

“தெரியல. தப்புதான்.”

“இந்தத் தாடைய வேற யாராவது பாத்தாங்களா?”

“இல்ல.”

“அப்புறம் என்ன அவசரம்? உள்ள வச்சுப் பூட்டுங்க.”

“நான் பாத்துட்டேனே.”

மூன்று நாள் அவள் அவர் தட்டை மேஜையில் ணங்கென்று வைத்தாள். அவருக்கு அது தெரிந்ததோ என்னவோ, மண் சலித்துக்கொண்டிருந்தார். நாலாம் நாள் வழக்கம்போலப் பென்சிலில் எழுதிய தாள்களை அவளுடைய கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அந்தக் கோழிக் கிறுக்கலைப் படித்து டைப் அடிக்க உலகத்தில் அவளை விட்டால் ஆள் கிடையாது. தன் பெயரைத் தானே அழிக்கிற வேலையும் தன் தலையில்தானா என்று முணுமுணுத்துக்கொண்டே அடித்தாள். கடைசிப் பக்கத்தில் கை நின்றது. ‘ஒருவேளை இது பால் பல்லாக இருக்கக்கூடும். உறுதியாகச் சொல்ல இன்னும் சான்றுகள் வேண்டும்.’

“ஏங்க, இங்க வாங்க. உங்களுக்கு இதுல சந்தேகமா?”

ஈரக் கையோடு வந்து வாசற்படியில் நின்றார். “சந்தேகம் ஒண்ணும் இல்ல.”

“பின்ன எதுக்கு இந்த ஒருவேளை?”

பதிலுக்குத் தலையைச் சொறிந்தார். மண் முடியில் ஒட்டிக்கொண்டது. “அப்படி எழுதினா உன் பேரு இன்னும் கொஞ்ச வருஷம் ஓடும்னு பாத்தேன்.”

ஊரார் வாயில் இருப்பதை உள்ளபடி சொல்லி மானத்தை வாங்குகிற மனுஷர், முதன்முறையாக ஒரு பொய்யை, அதுவும் இவ்வளவு மோசமாக எழுதியிருக்கிறார். அவள் அந்த வரிகளை இன்னொரு தடவை படித்தாள். எரிச்சலும் வந்தது.

“நகருங்க, வெளிச்சத்த மறைக்காதீங்க” என்றாள். அவர் எழுதியிருந்த இரண்டு வரியையும் பென்சிலால் அடித்துவிட்டு, ‘இது பால் பல்’ என்று டைப் அடித்து முற்றுப்புள்ளி வைத்தாள்.