ரோஸ்மேரி அடைத்த நாற்பது ஓட்டைகள்

சாத்தான்குளம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த ரோஸ்மேரி, திருப்பூர் பனியன் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் துணி செக்கிங் பார்த்தவள். மிளகளவு ஓட்டைகூட அவள் கண்ணுக்குத் தப்பாது; கண்டதும் வெளியே தெரியாமல் தைத்தும் விடுவாள். நாற்பத்தாறு வயதில் கண்ணாடி போட்டாள். மறு வாரமே, கண் போய்விட்டது என்று சொல்லி வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கண்ணாடி போட்டால் முன்பைவிட நன்றாகத் தெரியும் என்பதை அந்த மகராசன்களுக்கு யார் எடுத்துச் சொல்வது!

அப்போதுதான் ஊரைத் தாண்டி இருக்கும் அரசுப் பல்கலைக்கழகத்தில் மூன்று மாத வேலை கிடைத்தது. அங்கே சோமனூர்ப் பெண் யாழினி முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள். துணியில் இருக்கும் குறையைக் கேமராவே கண்டுபிடிக்க வேண்டும், அதுதான் அவள் ஆராய்ச்சி. இரண்டு வருடமாகக் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கி குறையுள்ள முந்நூறு துணிகளைச் சேர்த்து வைத்திருந்தாள். எது என்ன குறை என்று பிரித்துச் சீட்டு ஒட்டுவது ரோஸ்மேரியின் வேலை.

முதல் நாள் வாசலில் இறங்கியவள் மலைத்துப்போனாள். அங்கிருந்து யாழினியின் துறைக்குப் போக உள்ளேயே ஒரு பஸ் ஓடியது. பூச்சியைப் படிக்க ஒரு கட்டிடம், கல்வெட்டைப் படிக்க ஒரு கட்டிடம், நான்கு மாடிக்கு நூலகம், விடுதி, பேங்க், தபால் ஆபீஸ் என்று அது தனி ஊராகவே இருந்தது. ஆயிரக்கணக்கில் பிள்ளைகள். இத்தனை பேரும் சேர்ந்து ஒரு நாளைக்கு எத்தனை பீஸ் இறக்குவீர்கள் என்று யாழினியிடம் கேட்டாள். தான் நாலு வருடத்துக்கு ஓர் ஆய்வேடுதான் என்றாள் யாழினி. இப்படி வேலை பார்த்தால் யார் சம்பளம் கொடுப்பார்கள் என்று ரோஸ்மேரிக்குக் கவலை வந்துவிட்டது.

இரண்டாம் வாரம் ஒருநாள் யாழினி நூலகத்துக்குப் போயிருந்தாள். ரோஸ்மேரிக்கு அன்றைய வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. கை சும்மா இருக்குமா? நல்ல துணியெல்லாம் இப்படிப் பாழாய்க் கிடக்கிறதே என்று பையிலிருந்த ஊசி நூலை எடுத்தாள். சாயங்காலத்துக்குள் நாற்பது ஓட்டைகளை அடைத்துவிட்டாள். பிள்ளை பார்த்தால் பூரித்துப்போகும் என்று நினைப்பு வேறு.

யாழினி வந்து ஒரு துணியை எடுத்துப் பார்த்தாள். இன்னொன்றை எடுத்தாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்த நாற்பதில் ஒன்றைக்கூட இன்னும் படம் எடுக்கவில்லை. இன்னும் இரண்டரை மாதத்தில் ஆய்வை ஒப்படைக்க வேண்டும். அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை, அழுதாள். விஷயம் புரிந்ததும் ரோஸ்மேரி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“அழாத பாப்பா. நூல உருவிட்டா திரும்ப ஓட்டை வந்துரும். நானே பிரிச்சுத் தாரேன். யாருக்குத் தெரியப் போவுது?”

“எனக்குத் தெரியுமேக்கா. மெசின்ல வந்த ஓட்டை வேற, நாம போட்ட ஓட்டை வேறங்க. பொய்ய வெச்சு எழுதக் கூடாதுங்க.”

ரோஸ்மேரி ஊசியைப் பையில் போட்டாள். குறையை வெளியே தெரியாமல் மறைப்பதைத்தான் இத்தனை வருடமாகக் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருந்தாள். இந்தச் சின்னப் பெண் மறைக்க மாட்டேன் என்கிறாள். அவளை மாட்டிவிடக் கூடாதென்று யாழினிக்கு வழிகாட்டும் பேராசிரியர் சித்ரகலாவின் அறைக்குத் தானே போய் நடந்ததைச் சொன்னாள்.

சித்ரகலாவுக்குக் கோபம் வரத்தான் செய்தது. நாற்பதும் போனது போனதுதான், மிச்சத்தை வைத்தே யாழினி முடிக்க வேண்டும், தேதியைத் தள்ளிப்போட முடியாது என்றார். பிறகு ஆய்வகப் பதிவேட்டைத் திறந்து வைத்தார். இங்கே தவறு நடந்தால் அழிக்கக் கூடாது, நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். ரோஸ்மேரி எழுதினாள்: நாற்பது துணிகளையும் நானே தைத்துவிட்டேன். கீழே கையெழுத்துப் போட்டாள். கையெழுத்து வாங்கினால் வீட்டுக்கு அனுப்பத்தான் என்பது அவளுக்குத் தெரிந்த கம்பெனி வழக்கம்.

“அப்ப நான் கெளம்புதேன் மேடம்” என்று எழுந்தாள்.

“எங்கீங்க கெளம்பறீங்க? இன்னும் எரநூத்தி அறுவது பீஸ் கெடக்குதுங்க. காத்தால ஒம்பது மணிக்கு வந்துருங்க.”

கண்டிப்பாகத்தான் சொன்னார். ரோஸ்மேரிக்கு அழுகை அப்போதுதான் வந்தது.